குதிரைகளை எங்கே புதைத்தார்கள்?

என் கல்யாணம் பாலக்காட்டுக் கோட்டை மதிலின் மேல் வைத்து முறியப் பார்த்தது. ஊரில் மற்றவர்களுக்கு நகையிலோ சாப்பாட்டிலோ முறியும். எனக்கு மட்டும் அதற்கு ஒரு சுல்தானும், ஒரு கம்பெனிப் படையும், ஒரு அகழியும் தேவைப்பட்டன.

கேரளம் என்று தனி மாநிலம் பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். கடைத்தெருவில் எங்களுக்குக் குடைக்கடை. விற்பது அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), விற்றது திரும்பி வந்தால் ரிப்பேர் செய்வது நான். நாங்கள் ராவுத்தர்கள். ராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்று பொருள் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பொருளை அத்தா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். எங்கள் முன்னோர் ஒருவர் மைசூர் சுல்தானின் குதிரைப்படையில் வந்து இந்தக் கோட்டைக்குள் நின்று போரிட்டவர் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. குடை வாங்க வருகிறவரிடம் அத்தா கம்பியை வளைத்துக் காட்டுவார். "இது எங்க பாட்டனாரு வாள் மாதிரிங்க. வளையுமுங்க, ஒடியாது." முதல் பெருமழைக்கு ஒடியும். நான் சரிசெய்து கொடுப்பேன். பாட்டனாரின் வாளைப் பற்றி அதனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

எனக்குப் பெண் பார்த்த இடம் சக்குபள்ளம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலக்காய் மலை. பெண்ணின் குடும்பம் கம்பம் பக்கத்திலிருந்து மலை ஏறி, சிறியதாக ஒரு ஏலத்தோட்டம் வைத்திருந்தார்கள். அவர்களும் ராவுத்தர்கள்தாம். எங்களில் மாப்பிள்ளை நிக்காஹுக்குக் குதிரை மேல் ஊர்வலமாக வர வேண்டும். பஸ் வந்தாலும் சரி, ஜீப் வந்தாலும் சரி, அந்த ஒருநாள் மட்டும் குதிரை. மற்ற நாட்களில் புளியும் மிளகாயும் விற்கிற ஆள்கூட அன்றைக்குக் குதிரை வீரர்.

இங்கேதான் சிக்கல். எனக்குக் குதிரை என்றால் பயம். சின்ன வயதில் ஒரு பெருநாள் அன்று, ஜட்கா நிற்கிற இடத்தில் ஒரு குதிரை என் புதுத் தொப்பியைத் தலையோடு சேர்த்துத் தின்னப் பார்த்தது. அல்லாஹ் காப்பாற்றினான், தொப்பியோடு அதற்குப் பசி அடங்கிவிட்டது. அதன்பிறகு தெருவில் ஜட்கா வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். எதிர்ப்பக்கமும் ஒன்று வந்தால் யார் கடையிலாவது ஏறி ஏதாவது விலை கேட்பேன். இப்படி வேண்டாத எத்தனையோ பொருளின் விலை எனக்குத் தெரியும். அத்தா இதை ஜலதோஷம் மாதிரி நினைத்தார். "கல்யாணத்துக்குள்ள செரியாப் போயிரும்" என்பார்.

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வந்தது இரண்டு பேர். ஒருவர் பெண்ணின் அத்தா: பருத்த உடம்பு, உரத்த குரல், கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித்துண்டு. பாலக்காட்டு வெயிலில் அதைப் பார்க்கவே எனக்கு வியர்த்தது. இன்னொருவர் பெண்ணின் தாய்மாமா: ஒல்லி, நரைத்த மீசை, பழைய காக்கிக் கோட்டு. வந்ததிலிருந்து அவர் பேசியது "தண்ணி குடுங்க" என்ற இரண்டு வார்த்தைதான். போன யுத்தத்தில் பர்மா போய் வந்தவர் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

அன்றைக்கென்று விறகு ஈரம். பிரியாணி வேகவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா கையால் ஜாடை காட்டினாள், இன்னும் நேரமாகும் என்று. அத்தா எழுந்தார். "ஏனுங்க சம்பந்தி, சோறு ஆகறதுக்குள்ள ஒரெட்டுப் போயிக் கோட்டையப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா? நம்ம ஆளுக சண்ட போட்ட எடமுங்க."

பசியோடிருக்கும் இரண்டு ராவுத்தர்களை ஒரு போர்க்களத்துக்கு அழைத்துப் போகக்கூடாது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பச்சை அரிசியை வேண்டுமானாலும் அவர்கள் இலையில் போட்டிருப்பேன்.

கோட்டை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முன்னால் பெரிய மைதானம். சுல்தானின் யானைகளும் குதிரைகளும் கட்டியிருந்த இடம் என்பார்கள். அன்றைக்கு அங்கே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அகழி. பச்சைப் பாசி படர்ந்த தண்ணீர், அதில் மூக்கு மட்டும் தெரிகிற எருமைகள். அகழியைத் தாண்டினால் வாசல், வாசலருகே ஆஞ்சநேயர் கோயில், உள்ளே தாலுகா ஜெயில். வாசலில் சர்க்கார் பலகை ஒன்று: இது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், சேதம் செய்தால் தண்டனை. பீரங்கி வைத்துச் சுட்டவர்கள் காலத்திலேயே இந்தப் பலகையை வைத்திருக்கலாம். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

படியேறி மதில்மேல் போனோம். கருங்கல். ஒரு மாட்டுவண்டி ஓடுகிற அகலம். கல் இடுக்கில் புல். கிழக்கே பார்த்தால் பனைமரங்களும் வயலும், அதற்கப்பால் மலைக்கணவாய். காற்று அந்த வழியாக வந்து பெண்ணின் அத்தாவுடைய கம்பளித்துண்டை ஆட்டியது.

அத்தா தொடங்கினார். நின்ற இடத்திலேயே காலை அகட்டி, கையில் இருந்த குடையை வாள்போல நீட்டி, "இங்கதானுங்க நின்னாரு எங்க பாட்டனாரு. அதா, அந்தக் கணவா வழியா வந்தாங்க பாருங்க கம்பெனிக்காரங்க. அவங்க குதிர பூராத்தயும் இங்க இருந்தே சுட்டு உருட்டுனாருங்க" என்றார்.

பெண்ணின் அத்தா துண்டை இறுக்கிக்கொண்டார். "அப்படியா? கணவா வழியா வந்தவுகள்ல எங்க முப்பாட்டனும் ஒரு ஆளு."

"ஏனுங்க?"

"கம்பெனிப் பட்டாளத்துல குதிரைக்காரர் அவரு. இந்தக் கோட்டையப் பிடிச்சதே அவுகதேன். எங்க வீட்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

நான் அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். சம்பந்தம் பேசும்போது இரண்டு வீட்டாரும் எல்லாம் விசாரித்துவிட்டார்கள்: தோட்டம், கடை, ஜமாத், பெண்ணின் குர்ஆன் ஓதல், என் பல்வரிசை. நம் பாட்டன் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுமா? ஒரே ஜாதி, ஒரே கிதாபு, ஒரே பிரியாணி. எதிர்ப்பக்கம் நின்றவனும் ராவுத்தன்தான் என்பது எங்கள் யாருக்கும் மனதில் ஏறவே இல்லை.

"வெள்ளக்காரன் கூட சேந்துட்டு வந்தாரா?" என்றார் அத்தா. குரலில் இருந்த 'ங்க' காணாமல் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் அது காணாமல் போனால் கவலைப்பட வேண்டிய விஷயம்.

"சம்பளம் குடுத்தவன் கூட வந்தாரு. உங்காளு மட்டும் என்ன, சுல்தானுக்கு மருமகனா? அவரும் சம்பளத்துக்குத்தேன் நின்னாரு."

"எங்காளு கோட்டைக்குள்ள நின்னாரு!"

"உள்ள ஒளிஞ்சுக்கிட்டாருன்னு சொல்லுங்க."

அத்தாவின் குடை, வாளின் நிலையிலிருந்து தடியின் நிலைக்கு மாறியது. கீழே ஜெயில் காவலர் தலையைத் தூக்கிப் பார்த்தார். உண்மையில் இந்தக் கோட்டை ஒரு கையில் நின்றதே இல்லை. மைசூரார் கட்ட, கம்பெனி பிடிக்க, மைசூரார் மீட்க, கம்பெனி மறுபடி பிடிக்க என்று மாறி மாறிப் போயிருக்கிறது. இரண்டு பாட்டன்களும் உண்மையானவர்கள் என்றால், காலையில் உள்ளே இருந்தவர் மாலையில் வெளியே இருந்திருக்கலாம். இதைச் சொல்லச் சரியான தருணத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை.

பெண்ணின் அத்தா விரலை நீட்டினார். என்னைப் பார்த்து. "சரி, விடுங்க. குதிரைக்காரன் பேரன்னா நிக்காஹ் அன்னைக்கு உங்க மகன் ஏறி ஒக்காந்து வரட்டும். எங்க ஊரு மேடும் பள்ளமும். நடுங்காம வந்து எறங்கட்டும். அன்னைக்குப் பாப்போம் யாரு ரத்தம்னு."

"வருவானுங்க! பொறந்ததுல இருந்தே குதிரதான் அவனுக்கு!" என்றார் அத்தா. பாவம், 'ங்க' பதற்றத்தில் திரும்பி வந்திருந்தது.

நான் மதிலிலிருந்து அகழியைப் பார்த்தேன். எருமைகள் நிம்மதியாக இருந்தன.

எங்களைவிட்டுத் தள்ளி, மதிலின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமா அப்படியே திரும்பாமல் கேட்டார்: "இம்புட்டுக் குதிரை செத்துருக்குமே. எங்கன பொதச்சாய்ங்க?"

அத்தாவின் கதையில் குதிரைகள் விழும். விழுந்ததோடு கதை முடிந்துவிடும். பெண்ணின் அத்தா வீட்டுக் கதையிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு வீரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அமைதி என்றால் எனக்கு ஆகாது. யாராவது பேசாமல் இருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும், அது ஒரு வியாதி. "நா குதிரையில ஏறுன மறுநாளு வந்து தோண்டிப் பாருங்க மாமா. அதும் நானும் ஒரே குழியிலதானுங்க கெடப்போம். அது சிரிச்சே செத்துருக்கும், நா பயந்தே செத்துருப்பேன்."

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே புரிந்தது. அத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

"பயமா?" என்றார் பெண்ணின் அத்தா. மெதுவாகத்தான் கேட்டார். சத்தமாகப் பேசுகிறவர் மெதுவாகக் கேட்பது ரொம்ப மோசம். "ராவுத்தன் மகனுக்குக் குதிரைன்னா பயமா?"

தாய்மாமா இப்போது திரும்பினார். சிரிக்கவில்லை. என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"நான் பர்மாவுல கோவேறு கழுதை ஓட்டுனவன். குண்டும் அரிசியும் ஏத்திக்கிட்டுக் காட்டுக்குள்ள போவோம். கத்துனா சப்பான்காரனுக்குக் கேட்டுரும்னு, அதுகளுக்கு முன்னாடியே தொண்டையில கத்தி வச்சு சத்தத்த எடுத்துருவாய்ங்க. அதுக்கப்புறம் வாயத் தொறக்கும், ஒண்ணும் வராது. தண்ணி கேட்டாலும் அப்படித்தேன். அடிபட்டு விழுகும்போதும் அப்படித்தேன். வாயத் தொறந்து நம்மளப் பாக்கும்." மறுபடி மைதானத்தைப் பார்த்தார். "மனுசனுக்காச்சும் பொதச்ச எடத்துல ஒரு குச்சி நட்டோம்."

மைதானத்தில் பந்து எங்கோ போய்விட்டது போல. பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அதற்குமுன் அந்த மைதானத்தில் எத்தனையோ நாள் நானும் ஓடியிருக்கிறேன். என் காலுக்குக் கீழே என்ன இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தோம். பிரியாணி வெந்திருந்தது. அப்படி ஒரு பிரியாணியை அப்படி ஒரு மௌனத்தில் நான் அதற்குப்பிறகு சாப்பிட்டதில்லை. பெண்ணின் அத்தா கை கழுவிவிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெண் கேட்ட எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் போனபிறகு அத்தா என்னைத் திட்டவில்லை. கடையைத் திறந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வந்தவர்களிடம் கம்பியை வளைத்துக் காட்டினார், பாட்டனாரைப் பற்றிப் பேசவில்லை. வியாபாரம் மட்டும் வழக்கம்போல நடந்தது. அம்மாதான் சாயங்காலம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள நல்லாருக்கும்னாங்க" என்றாள். பெண்ணை நானும் பார்த்ததில்லை. பார்க்காத பெண்ணை இழந்துவிட்டோமே என்று ஒருவனுக்குத் துக்கம் வருமா? வந்தது. எனக்கே வேடிக்கையாக இருந்தது.

அந்த நாட்களில் நான் கோட்டைக்கு அடிக்கடி போனேன். ரிப்பேர் வேலை இல்லாத மத்தியானங்களில் மதில்மேல் உட்கார்ந்திருப்பேன். ஒரு யோசனை விடாமல் வந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவர்கள் பாட்டன் குதிரை மேல்தான் வந்திருக்கிறான். இத்தனை குதிரைக்கும் புல் வெட்டினவன் எவன்? லாடம் அடித்தவன், சாணி அள்ளினவன், தண்ணீர் காட்டினவன், செத்ததை இழுத்துக்கொண்டு போனவன்? அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்திருக்குமே, அந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே போனார்கள்? எனக்கென்னவோ அது நாங்கள்தானோ என்று தோன்றியது. புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் குதிரை மேல் ஏறிக்கொண்டுவிட்டோம். அதில் தப்பில்லை. ஆனால் ஏறிய பிறகு இறங்க வெட்கம். அத்தாவுக்கு வெட்கம், அந்தக் கம்பளித்துண்டுக்காரருக்கும் வெட்கம். எனக்குப் பயம் இருந்ததால் வெட்கத்துக்கு இடமில்லை.

ஒரு நாள் காலை, மழை விட்ட நேரம். காக்கிக் கோட்டு ஒன்று நனைந்து சொட்டச் சொட்டக் கடைவாசலில் நின்றது. தாய்மாமா. ஏலக்காய் ஏற்றிவந்த லாரியில் வந்திருந்தார். அத்தா பதறிப் போய் நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. தேத்தண்ணி சொல்றனுங்க."

அவர் உட்காரவில்லை. "கல்யாணம் நடக்கும்" என்றார்.

அத்தாவின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. எனக்கு அந்தக் கழுதைகளின் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, இந்த முறை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"மச்சான் மொதல்ல மாட்டேன்னுதேன் நின்னாரு. குதிரை இல்லாம எங்க வீட்டுக் கல்யாணம் நடக்காதுன்னாரு. குதிரை வேணாம்னு யாரு சொன்னா, வரும்னேன். எங்க பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கொண்டாறது பொண்ணுக்குத் தாய்மாமன். அது என் சீரு. அதுமேல யாரு ஏறணும், யாரு ஏற வேணாம்னு நான்தேன் சொல்லணும். எவனும் ஏற வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏறாம எப்படிங்க?" என்றார் அத்தா.

"வெறும் குதிரையா வரும். கணவா வழியா வந்த குதிரைக்கும் சேத்து, கோட்டைக்குள்ள இருந்த குதிரைக்கும் சேத்து. ரெண்டு வீட்டுக்கும் பொதுதானே?" பிறகு என்னிடம் திரும்பினார். "மாப்ள, நீ ஏற வேணாம். ஆனா கயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கூட நடக்கணும். நடப்பியா?"

கயிறு எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டேன். அவர் அன்றைக்குத்தான் சிரித்தார்.

சக்குபள்ளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல். பஸ் நின்ற வளைவில், ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒரு மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். செம்பழுப்பு நிறம், வயதான கண். முதுகில் பச்சைப் பட்டுத்துணி விரித்து, கழுத்தில் மல்லிகைச்சரம் போட்டிருந்தார். எனக்குப் போட்ட மாலையைவிட அது நன்றாக இருந்தது. கயிற்றின் நுனியை வாங்கிக்கொண்டேன். அந்தக் குதிரைக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு கல்யாணம் நடத்தலாம், அவ்வளவு இடைவெளி.

நபிபுகழ் பைத்து பாடுகிறவர்கள் முன்னால் போக, ஊர்வலம் கிளம்பியது. பாதையோரம் ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்ற தோட்டத்துக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். குதிரை மேல் யாரும் இல்லாததைக் கண்டு கீழே பார்த்தார்கள். "ஏ, மாப்பிள்ளை எங்கடா?" என்று ஒருவன் கேட்டான். பெண்ணின் அத்தா நெஞ்சை நிமிர்த்தி, "கோட்டையில உசுர விட்ட குதிரைகளுக்கு மரியாதை!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னாலேயே இன்னொரு குரல், "மாப்பிள்ளைக்குக் குதிரைன்னா பயமாம்" என்றும் சொல்லிக்கொண்டு வந்தது. இரண்டும் உண்மைதானே. அத்தாவுக்குத்தான் அந்த வெறும் முதுகைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கடையிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த புதுக்குடையை விரித்து, பட்டுத்துணி நனையாமல் குதிரைக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் நனைந்துகொண்டு நடந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த என் மனைவி, குதிரைதான் மாப்பிள்ளை, கயிற்றைப் பிடித்தவர் குதிரைக்காரர் என்று நினைத்தாளாம். இன்றைக்கும் சொல்வாள்.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்று வழியில் வந்தது. தினமும் மூட்டை இறக்கி இறக்கிப் பழகிய இடம் போலிருக்கிறது. குதிரை நின்றுவிட்டது. இழுத்தேன், அசையவில்லை. உள்ளேயிருந்து அதன் கூட்டாளி ஏதாவது குரல் கொடுத்ததோ என்னவோ, அது தலையைத் தூக்கி, வாயைத் திறந்து கனைத்தது. மலை முழுக்கக் கேட்கிற கனைப்பு. நீளமாக, விட்டுவிட்டு. நான் குதித்தேன். பைத்து பாடுகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மாமாவும் நின்றுவிட்டார். திரும்பவில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றார். மறுபடியும் கனைத்தது. யாரோ, "அடிச்சு ஓட்டுங்கய்யா, நேரமாகுது" என்றார்கள். பெண்ணின் அத்தா, எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், வாயில் விரல் வைத்து அவரை அடக்கினார்.

அது கனைத்து முடிக்கும்வரை எல்லாரும் தூறலில் நின்றோம்.

"கேட்டுச்சா மாப்ள?" என்றார் மாமா, அப்படியே நின்றபடி.

"கேட்டுச்சுங்க மாமா."

அவர் காக்கிக் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். பைத்து தொடங்கியது. நான் கயிற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்துக்கொண்டேன்.